வழிகாட்டியின் பெயர்

ஒரு நூலை மதிப்பிட அளவுகோல்கள் பல உண்டு. சொல்நயம் ஒன்று, பொருட்செறிவு ஒன்று, மெய்ம்மை ஒன்று. பாலைவனப் பயண நூல்களை மதிப்பிட இவற்றோடு மற்றோர் அளவுகோலும் வேண்டும். முப்பதாண்டுகளுக்கு மேலாக அரபு, தமிழ் ஏடுகளோடு உறவாடி வரும் நாம் அதனை, ஏடு எதுவும் எழுதியறியாத ஒரு பீங்கான் தொழிலாளியிடம் அண்மையில்தான் கற்றுக்கொண்டோம். கற்றதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் வாழும் விருத்தாசலம் மணிமுத்தாற்றங்கரையில் உள்ள பழம்பதி. முன்னாளில் திருமுதுகுன்றம் என்று பாடப்பெற்ற இவ்வூர், இந்நாளில் பீங்கானால் அறியப்படுகிறது. பொம்மையும் கோப்பையும் மின்சாரப் பியூஸ் கட்டையும் இங்கே வார்க்கப்படுகின்றன. இத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த சிறுவன் ஒருவன், மாலை வேளைகளில் நம்மிடம் அரபும் தமிழும் பயில வருகிறான். பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். கட்டுரைப் போட்டி ஒன்றிற்காக, ஆஸ்திரேலியாவின் உட்பகுதிப் பாலைவனத்தை முதன்முதல் கடந்த ஆய்வுப் பயணிகளைப் பற்றி அவன் ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுவந்தான். நாம் சந்திப் பிழைகளைக் களைந்தோம். இரண்டிடங்களில் ஒருமை பன்மை மயக்கத்தைத் திருத்தினோம். அடியில் ‘மிக நன்று’ என்றெழுதிக் கையொப்பமும் இட்டோம். கட்டுரை போட்டிக்குச் சென்றது, பரிசும் பெற்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தபோது, அச்சிறுவனின் அத்தா வந்து ஸலாம் கூறி எதிரே அமர்ந்தார். சூளையின் நெருப்பைப் பார்த்து நிறத்தாலேயே சூட்டைச் சொல்லவல்ல அனுபவசாலி அவர்.

“ஹஜ்ரத், பையன் எழுதினதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நல்லாத்தான் எழுதியிருக்கான். துரைமாருங்க பேரெல்லாம் இருக்கு. ஒட்டகம் இத்தனைன்னு கணக்கு இருக்கு. ஒட்டகம் ஓட்டிட்டுப் போனவங்க இந்தியாவிலேருந்து போன முஸ்லிமுங்கன்னும் எழுதியிருக்கான். அவங்களுக்கு மட்டும் பேரு இல்லையா?” என்றார்.

“நூல்களில் இருந்திருந்தால் பையன் எழுதியிருப்பான், பாய்” என்றோம் நாம்.

அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “கோப்பைக்கு அடியில கம்பெனி பேரு இருக்கும் ஹஜ்ரத். வேகவெச்சவன் பேரு இருக்காது. அது எங்க தொழிலு. புத்தகமும் அப்படித்தானா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில், நாம் அவருக்குச் சொன்ன விடை பிழை. அப்பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. தேடாதவர்கள் நாம்.

தலீல் என்னும் சொல்

மதரஸாவில் பயின்றோர் யாவர்க்கும் ‘தலீல்’ என்னும் சொல் நன்கு தெரியும். சட்டநூல்களில் அது சான்று, ஆதாரம் என்னும் பொருள் தரும். ஒருவர் ஒன்றைச் சொன்னால், ‘இதற்குத் தலீல் என்ன?’ என்று கேட்பது நம் வகுப்பறை வழக்கம். ஆனால் அச்சொல்லுக்குப் பாலைவனத்திலே வேறொரு பொருள் உண்டு. அங்கே தலீல் என்பவர் வழிகாட்டி. ஒட்டகக் கூட்டத்தின் முன்னே நடப்பவர். வழி காட்டுவதும் உண்மை காட்டுவதும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொல்லால் குறிக்கப்படுவது எண்ணி மகிழத்தக்கது.

அரபுமொழி பாலைக்கு இட்ட பெயர்களிலும் பொருள் உண்டு. ‘பைதாஃ’ என்பது அழிவைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. ‘மஃபாஸா’ என்பதோ வெற்றி, ஈடேற்றம் என்பவற்றைக் குறிக்கும் வேரினது. கடந்து பிழைத்தோம் என்னும் நற்குறி நோக்கி வைத்த பெயர் என்று அகராதியார் உரைப்பர். இவ்விரு பெயர்களுக்கும் இடையே நிற்பவன் வழிகாட்டி. அவன் இருந்தால் அது மஃபாஸா, இல்லையேல் பைதாஃ.

இவ்வழிகாட்டியை ஒரு நூல் எவ்வாறு நடத்தவேண்டும் என்பதற்கு நம்மிடையே ஓர் உயர்ந்த முன்மாதிரி இருக்கிறது. கி.பி. 622-இல் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களும் மக்காவை விட்டு மதீனாவுக்குச் சென்ற ஹிஜ்ரத் பயணத்தில், அவர்களுக்கு வழிகாட்டியவர் முஸ்லிம் அல்லர். குறைஷியரின் பழைய மார்க்கத்தில் இருந்தவர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக வரும் செய்தியை இமாம் புகாரி அவர்கள், கூலிக்கு அமர்த்துதல் பற்றிய பகுதியிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அவர் இன்ன குலத்தவர் என்பதும், வழியறிவதில் வல்லவர் என்பதும், கூலிக்கு அமர்த்தப்பட்டவர் என்பதும், அவரை நம்பி இரண்டு ஒட்டகங்களை முன்கூட்டியே ஒப்படைத்தார்கள் என்பதும், மூன்று இரவுகளுக்குப் பின் தவ்ர் குகைக்கு வருமாறு குறித்தபடியே அவர் வந்தார் என்பதும், கடற்கரைப் பாதையில் அழைத்துச் சென்றார் என்பதும் அங்கே உள்ளன. அவருடைய பெயரைச் சீரா நூலோர் காத்தனர்: அப்துல்லாஹ் இப்னு உரைகித். அர்கத் என்றும் ஒரு பாடம் உண்டு. கூலிக்கு வந்த ஒருவரின் தந்தை பெயரில் ஓர் எழுத்து வேறுபடுவதைக்கூட அறிஞர்கள் விடாது குறித்து வைத்தார்கள் என்பது சிறிய செய்தியன்று.

அவருடைய வல்லமையைக் குறிக்க அச்செய்தியில் வரும் சொல் ‘கிர்ரீத்’ என்பது. ஊசிக்காதைக் குறிக்கும் சொல்லோடு இதனை இணைத்துப் பொருள் கூறுவர் மொழியறிஞர். ஊசிக்காது போன்ற சிறு வழியையும் அறிந்து நுழைபவன் கிர்ரீத். அந்நாளில் குறைஷியர் தேடப்பட்டோரைப் பிடித்துத் தருவார்க்கு நூறு ஒட்டகங்கள் பரிசு அறிவித்திருந்தனர். அவ்விருவரும் இருக்குமிடம் அறிந்த உரைகித்தின் மகனோ, பேசிய கூலிக்கே உண்மையாய் இருந்தார். செய்தி இதனைப் புகழ்மொழியால் அலங்கரிக்கவில்லை. உள்ளபடி உரைத்து நிற்கிறது.

இதிலிருந்து மூன்று வினாக்களை நாம் வகுத்துக்கொள்ளலாம். பயண நூல் தன் வழிகாட்டியின் பெயரைச் சொல்கிறதா? அவனுடைய அறிவு இன்னதென்று சொல்கிறதா? அவனை நம்பியே பிழைத்தோம் என்று ஒப்புக்கொள்கிறதா? இம்மூன்றையும் உரைகல்லாகக் கொண்டு, பாலையை எழுதிய சில நூல்களை உரசிப் பார்ப்போம்.

உப்பால் கட்டிய ஊர்

முதலில் நம்மவர் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். நம் மதுரைச் சுல்தானின் அவைக்கும் வந்து சென்றவரான இப்னு பதூதா, தம் நெடும்பயணங்களின் இறுதியில், 1352-ஆம் ஆண்டு மொராக்கோவின் ஸிஜில்மாஸாவிலிருந்து புறப்பட்டுச் சஹாரா பாலையைக் கடந்து மாலி நாட்டிற்குச் சென்றார். இருபத்தைந்து நாள் நடந்து தகாஸா என்னும் ஊரை அடைந்தார். அங்கே மரமில்லை, மணலும் உப்புச் சுரங்கமுமே உண்டு. வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு ஒட்டகத் தோலால் கூரை வேயப்பட்டிருந்தன. அங்கிருந்து மேற்செல்லும் வழி பத்து நாள் நீரற்ற வழி.

அவ்வழியில் இப்னு ஸீரி என்பவர் உறவினரோடு பூசலிட்டுப் பின்தங்கி, வழிதவறிக் காணாமற் போனார். அதன்பின் தாம் கூட்டத்தை விட்டு முன்னும் போகவில்லை, பின்னும் தங்கவில்லை என்று பயணி கூறுகிறார்.

இவர் நூலில் நம்மைப் பெரிதும் கவர்வது ‘தக்‌ஷீஃப்’ பற்றிய பகுதி. மஸூஃபா குலத்தவன் ஒருவனைக் கூட்டத்தார் கூலிக்கு அமர்த்தி, வலாத்தா நகருக்குத் தனியே முன்னனுப்புவர். அவன் கடிதங்களோடு சென்று சேர்ந்தால், அவ்வூரார் நான்கு நாள் தொலைவுக்குத் தண்ணீரோடு எதிர்கொண்டு வருவர். அவன் வழியில் மாண்டால் ஊராருக்குச் செய்தி எட்டாது, கூட்டமே அழியக்கூடும். இப்னு பதூதாவின் கூட்டம் அமர்த்தியவனுக்கு நூறு மித்கால் பொன் கூலி. அவர்களுக்கு வழிகாட்டியவனோ ஒரு கண் குருடன். மறு கண்ணும் நோயுற்றது. ஆயினும் அவனைப்போல் வழியறிந்தார் இலர் என்று பயணி வியக்கிறார்.

நம் உரைகல்லில் இது எவ்வாறு நிற்கிறது? அறிவு சொல்லப்பட்டது; கூலி சொல்லப்பட்டது; நம்பிப் பிழைத்ததும் ஒப்புக்கொள்ளப்பட்டது. பெயர் மட்டும் இல்லை! வழிதவறிய இப்னு ஸீரிக்குப் பெயர் உண்டு; வழிகண்ட அரைக்கண்ணனுக்குப் பெயர் இல்லை. 1355-இல் இப்னு ஜுஸய்யிடம் தம் பயணங்களைச் சொல்லி எழுதுவித்து முடித்தபோது, அரசர், நீதிபதி, ஞானியர் எனப் பெயர்களைப் பெருக்கெடுத்துச் சொன்ன அந்நாவு, இவ்விடத்தில் மௌனித்துவிட்டது. நம்மவர் என்பதற்காக இக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை.

சுரம் பாடிய தமிழ்

தகாஸாவின் உப்பு நம்மைத் தமிழின் பாலைத்திணைக்கு அழைத்துச் செல்கிறது. சங்கப் பாடல்களில், உப்பு வண்டிகளோடு சுரம் கடக்கும் உமணரை நாம் அடிக்கடி காண்கிறோம். சஹாராவைப் போன்ற நிலையான மணற்கடல் தமிழகத்தில் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பு திரிந்தபோது தோன்றுவதே பாலை என்று சிலப்பதிகாரம் காட்டும். ஆயினும் நீரற்ற வழியில் நடப்பவனின் அச்சமும், அவனை எண்ணி வீட்டில் இருப்பவளின் துயரும் இத்திணையில் பேசப்பட்டதுபோல் பிறிதொரு மொழியில் பேசப்பட்டதோ என்று ஐயுறுகிறோம்.

இங்கே உமணருக்குப் பெயர் இல்லை என்று யாரேனும் தடை எழுப்பலாம். உண்மை, ஆனால் அகப்பாடலில் தலைவனுக்கும் பெயர் இல்லை! ஒருவரையும் இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது அதன் மரபு. நடந்தவனும் பெயரற்றவன், வண்டி ஓட்டியவனும் பெயரற்றவன். அது நேர்மை. தலைவன் ஒருவனுக்கே பெயர் தந்து ஏனையோரைக் கூட்டமாக்கும் நூலின் பெயரின்மை வேறு, இது வேறு.

நம் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைக் குறித்தும் ஒரு சொல். நாட்டுப்படலத்தில் அரபு நாட்டிற்கு மழையும் ஆறும் வயலும் பாடிவிட்டார் என்று அவரைக் குறை கூறுவார் உண்டு. காப்பிய மரபின்படி நாட்டுவளம் பாடியே தொடங்கியாக வேண்டிய புலவர், தம் கண் கண்ட வளத்தைத் தம் நெஞ்சுக்குகந்த நாட்டுக்குப் படைத்தார் என்பதே நம் கருத்து. பாலையை அவர் அறியாதவரல்லர். விலாதத்துக் காண்டத்திலே ‘சுரத்திற் புனலழைத்த படலம்’ என்றே ஒரு படலம் உண்டு. அரபுப் பாலைக்குச் ‘சுரம்’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லை அவர் வழங்கியபோது, உமணர் நடந்த வழியும் ஒட்டகம் நடந்த வழியும் தமிழில் ஒன்றாயின. வளத்தைப் பாடியதற்காக அவரைக் கடியும் திறனாய்வாளர், வறட்சியைப் பாடிய படலத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம்.

தென்கண்டத்துப் பயணங்கள்

இனி, சிறுவன் எழுதிய கட்டுரையின் பொருளுக்கு வருவோம். 1860-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், ராபர்ட் ஓ'ஹரா பர்க் என்பவரின் தலைமையில் பத்தொன்பது பேர் மெல்போர்னிலிருந்து புறப்பட்டனர். ஆஸ்திரேலியக் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடப்பது அவர்தம் நோக்கம். அப்பயணத்திற்கென்றே அவ்வாண்டு கராச்சித் துறையிலிருந்து 24 ஒட்டகங்கள் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டிருந்தன. அவற்றோடு ஒட்டகம் மேய்க்கவல்ல சிப்பாய்களும் வந்தனர். அவர்கள் பெயர்கள் அப்பயணத்தின் ஆவணங்களில் உள்ளன: தோஸ்த் முஹம்மது, ஈஸா கான், பலூச், சம்லா. முதல் மூவரும் முஸ்லிம்கள். நான்காமவர் இந்து, பயணத்தில் கிடைத்த உணவு தமக்கு ஒவ்வாமையால் தொடக்கத்திலேயே விலகிக்கொண்டார்.

பர்க்கும் துணைத்தலைவர் வில்ஸும் கிங், கிரே என்னும் இருவரும் கூப்பர் ஓடைக்கரைப் பாசறையிலிருந்து டிசம்பர் 16-இல் வடக்கே விரைந்தனர். பாசறையில் காத்திருக்க நால்வர் நிறுத்தப்பட்டனர். அந்நால்வருள் ஒருவர் தோஸ்த் முஹம்மது. அவர்கள் நான்கு திங்களுக்கு மேல் காத்திருந்தனர். நோயும் உணவுத் தட்டுப்பாடும் நெருக்க, 1861 ஏப்ரல் 21 காலையில், ஒரு மரத்தடியில் உணவைப் புதைத்து, ‘தோண்டுக’ என்று மரத்தில் செதுக்கிவிட்டுப் புறப்பட்டனர். அன்று மாலையே பர்க்கும் வில்ஸும் கிங்கும் குற்றுயிராய் அங்கு வந்து சேர்ந்தனர். கிரே வழியிலேயே இறந்துவிட்டிருந்தார். காலைக்கும் மாலைக்கும் இடைப்பட்ட சில மணி நேரம் அவர்கள் விதியை முடிவு செய்துவிட்டது.

அதன்பின் நிகழ்ந்ததே நம் திறனாய்வுக்கு முதன்மையானது. அந்த ஓடைக்கரை மனிதரற்ற வெளியன்று. யந்த்ருவந்தா என்னும் ஆதிகுடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த நிலம் அது. அவர்கள் அம்மூவருக்கும் மீனும், ‘நார்டூ’ என்னும் செடியின் விதையை அரைத்துச் சுட்ட அப்பமும் கொடுத்தனர். நார்டூ நமக்கு அயலான செடியன்று. வயல் ஓரங்களிலும் குளக்கரைகளிலும் நாலிலையாய் மிதக்கும் நம் ஆராக்கீரையின் இனத்தைச் சேர்ந்தது. அதன் விதையில், உடலின் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் ஒன்று உண்டு என்று பிற்கால அறிவியலார் கண்டனர். ஆதிகுடியினர் அதனை நீர் சேர்த்து அரைத்துப் பக்குவம் செய்யும் முறை அத்தீங்கைக் குறைத்தது என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. பயணிகள் விதையை அறிந்தனர்; பக்குவத்தை அறிந்தாரில்லை. வயிறு நிறைய உண்டும் மெலிந்தனர்.

ஒருநாள் பர்க் அக்குடியினர் மீது சினந்து, அவர்கள் தலைக்கு மேலே துப்பாக்கியால் சுட்டார். அவர்கள் அகன்றனர். 1861 ஜூன் இறுதியை ஒட்டி வில்ஸும் பர்க்கும் மாண்டனர். அதே குடியினரிடம் அடைக்கலம் புகுந்த கிங் மட்டும் உயிர் பிழைத்தார். தேடிவந்தோர் செப்டம்பரில் அவரைக் கண்டெடுத்தனர்.

இப்பயணத்தில் மாண்டோர் எழுவர். வில்ஸின் நாட்குறிப்பையும் கடிதங்களையும் அவருடைய தந்தையார் 1863-இல் நூலாக வெளியிட்டார். அந்நூலின் தலைப்பு, ஆஸ்திரேலிய உள்நாட்டினூடே நிகழ்ந்த வெற்றிகரமான ஆய்வுப் பயணம் என்னும் பொருள்பட அமைந்தது. மகனை இழந்த ஒரு தந்தையின் நெஞ்சை நாம் மதிக்கிறோம். அத்தலைப்பை அவருக்கு யாரும் மறுக்கவியலாது. ஆயினும் வாசகர் ஒன்றை மறக்கலாகாது. அதே ஓடைக்கரையில் அதே ஆண்டில் குழந்தைகளும் முதியோரும் உண்டு உறங்கி வாழ்ந்திருந்தனர். அவர்களுடைய வாழ்க்கை கண்டுபிடிப்பாகவில்லை; இவர்களுடைய மரணம் கண்டுபிடிப்பாயிற்று!

பெயர் சூட்டியோரும் பெயர் பெற்றோரும்

பின்வந்த பயணங்களிலும் இதே கோலத்தைக் காணலாம். 1873-இல் வார்பர்ட்டன், பதினேழு ஒட்டகங்களோடு மேற்குப் பாலையைக் கடக்கப் புறப்பட்டார். பம்பாய்ப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் அவர். ஸாலிஹ், ஹலீம் என்னும் இரு ஒட்டகக்காரரும், சார்லி என அழைக்கப்பட்ட ஆதிகுடி இளைஞன் ஒருவனும் உடன் சென்றனர். உணவு தீர்ந்து, ஒட்டகங்களையே ஒவ்வொன்றாய் அறுத்து உண்டு, சாவின் வாயில் நின்ற வேளையில் தண்ணீர் கண்டு காத்தவன் சார்லி. 1874-இல் இலண்டன் அரச புவியியல் கழகம் வார்பர்ட்டனுக்குப் பதக்கம் வழங்கிற்று. 1875-இல் ஏர்னஸ்ட் ஜைல்ஸ், ஸாலிஹ் என்னும் பெயருடைய ஒட்டகக்காரரோடு, பதினேழு நாள் தண்ணீர் காணாது நடந்தபோது ஊற்றைக் கண்டவனும் டாமி என்னும் ஆதிகுடி இளைஞனே. அவ்வூற்றுக்கு இடப்பட்ட பெயரோ விக்டோரியா மகாராணியுடையது.

எல்லோரையும் ஒரே தட்டில் நிறுப்பது நீதியன்று. 1873 ஜூலையில் காஸ் என்னும் பயணி, நடுப்பாலையிலுள்ள மாபெரும் செம்பாறையை அடைந்தார். கம்ரான் என்னும் ஒட்டகக்காரரும் அவரும் சேர்ந்தே அதன்மேல் ஏறினர். பாறைக்கு ஓர் அமைச்சரின் பெயரைச் சூட்டிய காஸ், அருகிலிருந்த ஒரு கிணற்றுக்குக் கம்ரானின் பெயரைச் சூட்டினார். 1896-இல் லாரன்ஸ் வெல்ஸ் தலைமையில் சென்ற பயணத்தில் உடனிருந்த பலூசியர் பேஜா தர்வேஷின் தொண்டை மெச்சி, தலைவர் தம் சொந்தத் திசைகாட்டியையே அவருக்குப் பரிசளித்தார். வழி காண்பதற்கான கருவியை, வழி கண்டவருக்கே கொடுத்துவிட்ட அச்செயலை நாம் வெகுவாகப் பாராட்டுகிறோம். இத்தகையோர் நூலும் செயலும் நம் உரைகல்லில் பொன்னிறம் காட்டுகின்றன.

அப்பாறையின் கதையும் அத்துடன் முடியவில்லை. அனங்கு மக்கள் அதனைத் தொன்றுதொட்டு உளுரு என்றே அழைத்து வந்தனர். 1985-இல் அந்நிலம் அவர்களிடமே திருப்பி ஒப்படைக்கப்பட்டது. தங்களுக்குப் புனிதமான அதன்மேல் ஏறவேண்டாம் என்று அவர்கள் நெடுங்காலமாக வேண்டிவந்ததன் பயனாக, 2019 அக்டோபரில் ஏறுவது முற்றிலும் நிறுத்தப்பட்டது. காஸும் கம்ரானும் ஏறியதையும் இவ்வேண்டுதலையும் சேர்த்தே நம் பிள்ளைகள் படிக்கவேண்டும். நம்மவர் பெயரைத் தேடும் ஆர்வத்தில், நம்மவருக்கும் முன்பே அங்கிருந்தோரின் பெயரை நாமே மிதித்துவிடலாகாது.

பிழையான பெயர்ச்சீட்டு

ஒட்டகக்காரர்கள் அனைவரையும் ஆஸ்திரேலியர் ‘ஆப்கானியர்’ என்றே அழைத்தனர். உண்மையில் அவர்களில் பலூசியர், சிந்திகள், பஞ்சாபியர், பெஷாவர்க்காரர் எனப் பலரும் இருந்தனர். பர்க்கின் பயணத்திற்குப் பின்னர் அறுபது எழுபது ஆண்டுகளில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் அங்கு சென்றனர் என்பர். அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல்களில் அடிலெய்டு நகரப் பள்ளி இன்றும் தொழுகைக்குரியதாய் நிற்கிறது. அவர்கள் தொழத் திரும்பிய திசையை நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். நடு ஆஸ்திரேலியாவிலிருந்து கிப்லா, மேற்கிலிருந்து பதினெட்டுப் பாகை அளவு வடக்கே அமைகிறது. நம் விருத்தாசலத்திற்கும் ஏறத்தாழ அதுவே. பலூசியர் ஒருவர் அச்செம்மணலில் விரிப்பை எந்தச் சாய்வில் விரித்தாரோ, அதே சாய்வில்தான் நம் பள்ளியின் ஸஃப்புகளும் அமைந்துள்ளன.

புரோக்கன் ஹில் என்னும் சுரங்க நகரில் அவர்கள் கட்டிய தகரப் பள்ளிவாசல், இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்கே இருந்த பெரிய நூல் ஒன்றைத் திருக்குர்ஆன் என்றே நெடுங்காலம் கருதி வந்தனர். ஸமியா காத்தூன் என்னும் வரலாற்றாசிரியை அதைத் திறந்து பார்த்தார். அது வங்கமொழிச் செய்யுளில் அமைந்து கல்கத்தாவில் அச்சான ‘கஸஸுல் அன்பியா’! நபிமார் வரலாறுகள் நம் தமிழ் இல்லங்களிலும் பாட்டிமார் வாய்வழியாய் ஒலித்தவையல்லவா? 2018-இல் வெளிவந்த ‘ஆஸ்திரேலியநாமா’ என்னும் அவருடைய நூல், அந்த ஓரேட்டின் சுவட்டைப் பின்பற்றியே பெரியதொரு வரலாற்றை எழுப்பிக் காட்டுகிறது.

ஆண்டுக்கணக்கில் எத்தனையோ பேர் அந்நூலைப் பார்த்திருப்பர். பெயர்ச்சீட்டைப் படித்தனர், ஏட்டைப் படிக்கவில்லை. அது அயலார் குற்றம் என்று நாம் நகைத்துவிட இயலுமா? சிறுவனின் கட்டுரையில் ‘ஒட்டகக்காரர்கள்’ என்னும் பெயர்ச்சீட்டைப் படித்துவிட்டு ‘மிக நன்று’ என்றெழுதியவர்கள் நாமே அன்றோ!

நம் பக்கத்துக் கடன்

பயண நூலுக்கு நாம் அயலாரிடம் மட்டும் கணக்குக் கேட்பது முறையன்று. நம்மவர் எழுதிய ஹஜ்ஜுப் பயண நூல்கள் பலவற்றை நாம் ஆர்வத்தோடு படித்திருக்கிறோம். கப்பலின் பெயர் இருக்கும்; விடுதியின் பெயர் இருக்கும்; வரவேற்ற செல்வர்களின் பெயர்கள் பட்டியலாய் இருக்கும். மக்காவிலிருந்து மதீனாவுக்கு இரவெல்லாம் வண்டி ஓட்டிச் சென்றவரின் பெயர் எத்தனை நூல்களில் இருக்கிறது? நூற்றுக்கணக்கான கல் தொலைவுப் பாலையை அவர் கண்ணயராது கடந்ததால் அல்லவா நாம் ஸலாம் கூறும் பேறு பெற்றோம்? அதே இரு நகரங்களுக்கிடையே முதன்முதல் வழிகாட்டியவரின் பெயரைப் பாதுகாத்த சமுதாயம், இன்று வண்டி ஓட்டுபவரின் பெயரைக் கேட்க மறந்தது ஏன்? நூலாசிரியர் மீது மட்டும் பழி போடுவதற்கில்லை. அதைக் கேட்காமல் படித்த வாசகரும், அதைச் சுட்டாமல் மதிப்புரை எழுதிய நம்போன்றோரும் அப்பழியில் பங்குதாரர்களே.

ஆகவே தமிழ் முஸ்லிம் இல்லங்களுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. பிள்ளைகள் பயண நூலோ வீரவரலாறோ படிக்கும்போது, மேற்சொன்ன மூன்று வினாக்களையும் அருகிருந்து கேளுங்கள். வழிகாட்டியின் பெயர் என்ன? அவன் அறிந்தது என்ன? அவனை நூல் நம்பியதா? விடை கிடைக்காவிடில் நூலை எறிந்துவிட வேண்டாம். வேறொரு நூலைத் தேடுங்கள். பெரும்பாலும் எங்கோ ஓர் ஓரத்தில், ஓர் ஊதியப் பட்டியலில், ஒரு கல்லறையில், ஒரு கிணற்றின் பெயரில் விடை காத்திருக்கும். வீட்டில் முதியோர் தம் பயணங்களைச் சொல்லும்போதும் இவ்வினாக்களைக் கேட்கலாம். அவர்கள் மறந்துபோன பெயர் நினைவுக்கு வரும்.

அச்சிறுவனை அழைத்து, நாம் தந்த ‘மிக நன்று’ பிழையானது என்று கூறினோம். அவன் முகம் வாடிற்று. பரிசு பெற்ற கட்டுரையல்லவா! குற்றம் அவனுடையதன்று, திருத்தியவருடையது என்று விளக்கி, போட்டிக்காக அன்றி நமக்காக மீண்டும் எழுதப் பணித்தோம். இரு வாரங்கள் நாங்கள் சேர்ந்து தேடினோம். புதிய கட்டுரை பழையதினும் நீண்டது. நடையும் சற்றுக் கரடுமுரடு. ஆனால் அதில் தோஸ்த் முஹம்மது இருக்கிறார். ஒட்டகம் கடித்ததால் கை ஊனமுற்று, வேற்று நாட்டிலேயே வாழ்ந்து முடித்து, மெனிண்டி என்னும் சிற்றூருக்கருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பதும் இருக்கிறது. ஈஸா கான், பலூச், சம்லா, கம்ரான், ஹலீம், ஸாலிஹ் என்னும் பெயருடைய இருவர், பேஜா தர்வேஷ் ஆகியோர் இருக்கின்றனர். சார்லியும் டாமியும் இருக்கின்றனர். அவ்விருவர்க்கும் அவர்தம் தாய் இட்ட பெயர் வேறாக இருந்திருக்கும் என்று சிறுவனே ஒரு வரி சேர்த்திருந்தான். அவ்வரியை நாம் திருத்தவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை, அதே திண்ணையில், மகன் படிக்க அத்தா கேட்டிருந்தார். படித்து முடித்ததும், “அந்த ஒத்தைக்கண்ணு மனுசன் பேரு கடைசிவரைக்கும் கிடைக்கலையா ஹஜ்ரத்?” என்றார்.

“இல்லை, பாய்” என்றோம். இம்முறை தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னோம்.